பதினைந்து வயதில் ஒரு பட்டம்

சென்ற ஆண்டு வட்டார டென்னிகாயிட் இரட்டையர் ஆட்டத்தில் நாங்கள் தோற்ற கதையைப் பள்ளியில் யாவரும் அறிவர். எதிரணியினர் ஒருமுறைகூட வேகமாக எறியவில்லை. நாங்கள் எறிந்த வளையத்தையெல்லாம் நிதானமாகப் பிடித்து, உயரமாக, மெதுவாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தனர். பொறுமையிழந்த நாங்கள்தான் கோட்டுக்கு வெளியே எறிந்தோம். அந்தக் கசப்பு ஆறுமுன் படித்ததால்தானோ என்னவோ, டென்னிஸ் வீராங்கனை லாட்டி டாட்டின் வாழ்க்கை எங்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

சார்லட் என்னும் இயற்பெயர் கொண்ட லாட்டி, இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்துப் பெபிங்டன் என்னும் ஊரில் 1871 செப்டம்பர் 24 அன்று பிறந்தார். தந்தை பருத்தி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். நான்கு பிள்ளைகளில் லாட்டியே கடைக்குட்டி. வீட்டிலேயே டென்னிஸ் மைதானம் இருந்தது. அக்காள் ஆனியுடனும் அண்ணன்மார் இருவருடனும் ஆடியே இவர் வளர்ந்தார்.

அக்காலத்துப் பெண்கள் டென்னிஸ் ஆடிய விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கணுக்கால் வரை தொங்கும் பாவாடை, இடுப்பை இறுக்கும் உள்ளாடை, தலையில் தொப்பி! இவற்றோடு ஓடுவது எப்படி? ஆகவே பெரும்பாலோர் பின்கோட்டருகே நின்றுகொண்டு, பந்து தரையில் பட்டு எழுந்த பிறகு மென்மையாகத் திருப்பி அனுப்புவர். யார் முதலில் தவறுவார் என்று காத்திருப்பதே ஆட்டமாக இருந்தது. வேகமாக ஓடுவது பெண்மைக்கு அழகன்று என்று எண்ணியவர்களும் இருந்தனர். (அப்படி எண்ணுபவர்கள் இன்று எங்கள் தெருவிலும் உண்டு.)

லாட்டி சிறுமியாக இருந்தபடியால் குட்டைப் பாவாடை அணிய அனுமதி கிடைத்தது. அதை அவர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். ஆண்களைப்போல வலையருகே ஓடி வந்து, பந்து தரையில் படுமுன்பே அடித்தார். தலைக்கு மேலே வந்த பந்தை ஓங்கி அடித்து முடித்தார். பெண்களில் இவ்வாறு துணிந்து ஆடிய முதல் சிலருள் இவரும் ஒருவர். எனினும் சர்வீஸை மட்டும் கையைத் தாழ்த்தியே போட்டார் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இதில் உள்ள நுட்பத்தை நாங்கள் மைதானத்தில் நின்று பேசிப் பார்த்தோம். மெதுவாக வரும் பந்தில் வேகம் இல்லை. அதை ஓங்கி அடிக்க வேண்டுமானால் வேகம் முழுவதையும் நாமே கொடுக்க வேண்டும். அப்போதுதான் கை தவறுகிறது. ஆனால் அதே மெதுவான பந்து, நாம் முன்னேறி வருவதற்கும் நேரம் தருகிறதே! முதலில் ஒரு பந்தை மூலைக்கு ஆழமாக அனுப்பிவிட்டு வலைக்கு வந்துவிட்டால், எதிராளி தன் இடத்துக்குத் திரும்புமுன் ஆட்டம் முடிந்துவிடும். ஓங்கி அடிப்பதைவிட, எதிராளியின் நேரத்தைப் பறிப்பதே இங்கு பெரிது.

1885-ல் மாட் வாட்சன் என்னும் விம்பிள்டன் சாம்பியனிடம் 13 வயது லாட்டி போராடித் தோற்றார். அடுத்த ஆண்டு பாத் நகரில் அவரையே 7-5, 6-4 என்று வென்றார். அதற்குமுன் 50-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோல்வியே காணாதவர் வாட்சன்!

1887-ல் விம்பிள்டன் வந்தது. முந்திய ஆண்டின் சாம்பியன் பிளாஞ்ச் பிங்லியை 6-2, 6-0 என்று வீழ்த்தியபோது லாட்டிக்கு 15 வயது, 285 நாள். எங்கள் வயதுதான்! விம்பிள்டன் பெண்கள் ஒற்றையரில் இவரைவிட இளையவர் எவரும் இன்றுவரை பட்டம் பெறவில்லை. 1888, 1891, 1892, 1893 ஆகிய ஆண்டுகளிலும் இவரே வென்றார். ஐந்து முறையும் எதிரில் நின்றவர் அதே பிளாஞ்ச், திருமணத்துக்குப்பின் திருமதி ஹில்யார்ட். பின்கோட்டிலிருந்து சளைக்காமல் ஓடி ஓடிப் பந்தை எடுப்பவர் அவர். 1893-ல் லாட்டி முதல் செட்டை 6-8 என இழந்தார். ஆனாலும் நிலை குலையாமல் அடுத்த இரண்டையும் 6-1, 6-4 என வென்றார். எங்களுக்கு மிகவும் பிடித்த வெற்றி இதுதான். 1887-ன் எளிய வெற்றியைவிட இதற்கே நெஞ்சுரம் அதிகம் வேண்டியிருந்திருக்கும்.

1890-ல் வெளியான ஒரு விளையாட்டு நூலில் பெண்கள் டென்னிஸ் பற்றிய பகுதியை எழுதியவரும் இவரே. பெண்களும் முழு மூச்சாக ஓடவேண்டும் என்று அதில் வற்புறுத்தினார்.

டென்னிஸை விட்டபோது வயது 21. பிறகு இங்கிலாந்துக்காக ஹாக்கி ஆடினார். 1904-ல் பிரிட்டிஷ் பெண்கள் கோல்ஃப் பட்டம் பெற்றார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெள்ளிப் பதக்கம். அண்ணன் வில்லிக்கு அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் தங்கம். முதல் உலகப்போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தில் தொண்டாற்றினார்.

லாட்டி திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜூன் 27 அன்று, 88-ஆம் வயதில், ஸ்வே என்னும் ஊரில் காலமானார். விம்பிள்டன் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. படுக்கையில் இருந்தபடியே வானொலியில் அந்த ஆட்டங்களின் வருணனையைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.