மரத்தின் மேல் விழித்திருந்தவர்

பத்தாம் வகுப்பு மாணவி, ஐயங்கார்குளம்

ஜிம் கார்பெட் என்றதும் நம் நினைவிற்கு வருவது புலி வேட்டைதான். அவர் தம் முதுமையை ஆப்பிரிக்காவில் கழித்தார் என்பதும், அங்கே காடு காண வந்த விருந்தினர்க்காக ஓர் இரவு முழுவதும் ஏணியின் உச்சியில் துப்பாக்கியுடன் காவலிருந்தார் என்பதும் பலர் அறியாத செய்திகள்.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் குமாவும் மலைப்பகுதியிலுள்ள நைனிடாலில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் அஞ்சல் நிலைய அதிகாரி. சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவருக்குக் காடே இரண்டாவது பள்ளிக்கூடமாயிற்று. குளிர்காலத்தில் குடும்பம் காலாதுங்கி என்னும் அடிவாரத்துச் சிற்றூருக்கு இறங்கி வரும். அங்கே பறவைகளின் குரலையும் மண்ணில் பதிந்த காலடித் தடங்களையும் அவர் பாடம் போலப் படித்தார்.

பின்னர் ரயில்வேயில் சேர்ந்து, பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். அங்கு நடந்த ஒன்றை நான் மிகவும் விரும்பிப் படித்தேன். தொழிலாளரின் பிள்ளைகளுக்காக அவரும் நிலைய அதிகாரி ராம் சரணும் ஒரு பள்ளி தொடங்கினர். உயர்ந்த சாதிப் பிள்ளைகளும் தாழ்ந்த சாதிப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் உட்காரக் கூடாது என்று தடை எழுந்தது. உடனே சுவர்களை எடுத்துவிட்டார்கள்! சுவர் இல்லாவிட்டால் அது கட்டடம் அன்று, வெறும் கொட்டகைதானே? இருபது பிள்ளைகளோடு தொடங்கிய அப்பள்ளி இருநூறு பேர் படிக்கும் பள்ளியாக வளர்ந்தது.

1907இல் சம்பாவத் பெண்புலியை அவர் சுட்டு வீழ்த்தினார். அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. இறந்த புலியின் வாயைப் பார்த்தபோது, முன்பு யாரோ சுட்ட குண்டினால் அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமலே அது மனிதரைத் தேடியிருக்கிறது. 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் அவரே கொன்றார். அது 125 பேரைப் பலி கொண்டது.

“புலியைக் கொன்றவரைப் பற்றி எதற்கு எழுதுகிறாய்?” என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். 1930இல் பொவல்கரில் அவர் சுட்ட பெரும் புலி மனிதரைத் தின்றதன்று. அதைப் பெருமைக்காகவே சுட்டார். அதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அதே மனிதர்தாம் படம் பிடிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு புலிகளின் பின்னே பொறுமையாக அலைந்தார். பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டைப் பற்றிப் பேசினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையத் துணை நின்றார். அவர் மறைந்த பின் அப்பூங்காவிற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் அங்கிருந்தே தொடங்கியது.

1947ஆம் ஆண்டின் இறுதியில், திருமணம் செய்துகொள்ளாத கார்பெட்டும் அவருடைய தமக்கை மேகியும் கென்யாவிற்குக் கப்பலேறினர். தமக்கிருந்த சோட்டி ஹல்த்வானி கிராம நிலத்தை உழுத குடியானவர்களுக்கே விட்டுச் சென்றார். எழுபத்திரண்டு வயதில் பிறந்த மண்ணை விட்டுப் போவது எளிதா?

நையேரி என்னும் ஊரில், ஔட்ஸ்பான் விடுதியைச் சேர்ந்த ஒரு சிறு வீட்டில் அவர்கள் குடியேறினர். நம் சாரணியர் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த வீடு சாரண இயக்கத் தந்தை பேடன் பவலுக்காகக் கட்டப்பட்டது.

அவ்விடுதியாருக்குக் காட்டினுள்ளே ‘ட்ரீடாப்ஸ்’ என்னும் இன்னொரு தங்குமிடம் இருந்தது. 1932இல் ஒரு பெரிய அத்தி மரத்தின் கிளைகளில் கட்டிய மர வீடு அது. சஃபாரி என்றால் சுவாஹிலி மொழியில் பயணம் என்று பொருள் (நம் ‘சவாரி’க்கும் அதற்கும் உறவில்லை). இந்தப் பயணத்தில் விருந்தினர் காட்டின் ஓரம் வரை காரில் வந்து, மீதி வழியைத் துப்பாக்கி ஏந்திய துணையோடு நடக்க வேண்டும். யானையோ காண்டாமிருகமோ எதிர்ப்பட்டால் ஏறிக்கொள்ள வழியில் மரங்களில் ஏணிகள் உண்டு. மேலே போனபின் பேசக் கூடாது, இருமக் கூடாது. கீழே நீர்நிலைக்கும் உப்பு மண்ணுக்கும் விலங்குகள் வருவதை இரவெல்லாம் பார்த்திருக்கலாம். வேடந்தாங்கல் கோபுரத்தில் பத்து நிமிடம் பேசாமலிருக்க எங்கள் வகுப்பு பட்ட பாட்டை நினைத்தால், ஓர் இரவு முழுவதும் எப்படியோ!

1952 பிப்ரவரி 5ஆம் நாள் இளவரசி எலிசபெத்தும் கணவர் பிலிப்பும் அங்கு வந்தனர். நோயுற்ற தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னருக்குப் பதிலாக இளவரசி சுற்றுப்பயணம் புறப்பட்டிருந்தார். துணைக்குக் கார்பெட் அழைக்கப்பட்டார். அவருக்கு வயது எழுபத்தாறு. அன்று மரத்தருகே யானைக் கூட்டம் நின்றது. இளவரசி தயங்காமல் நடந்து வந்து ஏணியில் ஏறினார். தேநீர் வந்தும் மேடையை விட்டு அகலாமல் யானைகளைப் படம் பிடித்தார். தந்தையின் உடல்நிலை பற்றியும் கார்பெட்டிடம் கவலையோடு பேசினார்.

எல்லாரும் உறங்கச் சென்றபின் கார்பெட் செங்குத்தான ஏணியின் உச்சியில் அமர்ந்தார். விடியும் வரை எழவில்லை. காலையில் இளவரசி மறுபடியும் காண்டாமிருகங்களைப் படம் பிடித்துவிட்டு மகிழ்ச்சியோடு இறங்கினார். அந்த இரவிலேயே இங்கிலாந்தில் மன்னர் உயிர் நீத்திருந்தார். செய்தி எட்டியது அன்று பிற்பகலில்தான். இளவரசியாக மரமேறியவர், தமக்கே தெரியாமல் அரசியாகி இறங்கியிருந்தார்.

1954இல் கென்ய விடுதலைப் போராட்டத்தின்போது மாவ் மாவ் போராளிகள் மூட்டிய தீயில் அந்த மர வீடு எரிந்தது. கார்பெட் அந்த இரவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி முடித்தார். அது அச்சாகி வந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1955 ஏப்ரல் 19ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். நையேரியில் பேடன் பவல் துயிலும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். தமக்கை மேகி 1963 வரை உயிரோடிருந்தார்.