அரிச்சுவடியைத் திருத்திய வித்தியாசாகரர்

வங்காளத்துப் பீர்சிங்க கிராமத்தில் 1820-ஆம் ஆண்டு வறிய குடும்பமொன்றிற் பிறந்த ஈசுவரசந்திரர், கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியிற் பயின்று வித்தியாசாகரர் என்னும் பட்டம் பெற்றார். 1851-இல் அக்கல்லூரிக்கே முதல்வரானார். பிராமணரும் வைத்திய குலத்தாருமே கற்றுவந்த அவ்விடத்தைக் காயஸ்தருக்கும் திறந்துவிட்டார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ அக்கதவு அவர் நாளில் திறந்திலது. நம்மவர் இதனை மறத்தலாகாது.

ஆயினும், குழந்தைகளுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. 1855-இல் வர்ணபரிசயம் என்னும் அரிச்சுவடியை இரு பாகங்களாக வெளியிட்டார். வங்காளிகளின் நாவில் வழங்காத வடமொழி நெட்டுயிர் இரண்டை நீக்கினார். உயிர் 12, மெய் 40 என வகுத்தார். கூட்டெழுத்தில்லாச் சொற்களை முதற்பாகத்தில் வைத்து, கூட்டெழுத்துக்களை இரண்டாம் பாகத்திற்கு ஒதுக்கினார்.

நூல் நன்கு விற்றதென்று அவர் வாளாவிருந்தாரல்லர். சுமார் இருபது ஆண்டுகட்குப்பின் வந்த 60-ஆம் பதிப்பின் முன்னுரையைக் காண்க. சிறுவர் அகரத்தை அகரமென்றே ஒலியாது, உயிர் அகரம் என நீட்டிச் சொல்லும் வழக்கத்தைக் கண்டு, அதனை விலக்குமாறு ஆசிரியர்களை வேண்டினார். மற்றொரு குறையும் அவருக்குப் புலனாயிற்று. வங்காளத்தில் ஈற்றெழுத்து சில சொற்களில் மெய்யாகவும் சிலவற்றில் அகரத்தோடும் ஒலிக்கும். கற்பிப்போரே இதில் தடுமாறினர். ஆதலால் அகரத்தோடு ஒலிக்கும் சொற்களின் அருகே உடுக்குறி இட்டார்.

1891-இல் அவர் கல்கத்தாவில் மறைந்தார். அந்நகரின் கிழக்கே இன்று நியூ டவுன் எழுந்துள்ளது. அச்சிறு நூலோ இன்னும் அச்சாகி விற்பனையாகின்றது.