உதடுகளைத் தைத்தார்கள், பாட்டு நிற்கவில்லை

புது வருடம் பிறந்தால் ஊரில் உள்ள கவிஞர்கள் கவர்னரைப் புகழ்ந்து பாட்டு எழுதிக் கொண்டு போக வேண்டும். கவர்னர் மனம் குளிர்ந்து பரிசு கொடுப்பார். ஈரான் நாட்டின் யஸ்த் நகரத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த வழக்கம் இது.

அந்த ஊரில் ஓர் இளைஞர் மட்டும் புகழ்ந்து பாட மறுத்தார். கொடுங்கோல் வேண்டாம், சட்டப்படி ஆட்சி நடத்துங்கள் என்று பாட்டிலேயே கவர்னருக்குப் புத்தி சொன்னார். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, ஊசியும் நூலும். கவர்னரின் ஆட்கள் அவருடைய மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்துத் தைத்தார்கள்.

அவர் பெயர் முகமது ஃபரோக்கி யஸ்தி. ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர். பிறகு பத்திரிகை ஆசிரியரானார்; பாராளுமன்ற உறுப்பினரானார். கடைசியில் ஒரு சிறு கடனுக்காகப் பிடிக்கப்பட்டு, சிறைக்குள்ளேயே உயிர் விட்டார்.

தறியும் அடுப்பும்

ஃபரோக்கி 1889-ம் ஆண்டு வாக்கில் யஸ்த் நகரில் பிறந்தார். பாலைவனத்தின் நடுவே மண் வீடுகளும், காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் உயரமான கோபுரங்களும் கொண்ட பழைய ஊர் அது. நெசவுக்குப் பெயர் பெற்றது. மும்பையில் இரானி ஹோட்டலில் டீயும் பன் மஸ்காவும் சாப்பிட்ட தமிழர்கள் பலர் இருப்பார்கள். அந்தக் கடைகளைத் தொடங்கிய ஜொராஸ்டிரியக் குடும்பங்களில் பல, யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவை. ஃபரோக்கி பிறந்தது முஸ்லிம் குடும்பத்தில். ஆனால் ஊர் அதே ஊர்தான்.

வசதி இல்லாத வீடு. யஸ்த் நகரில் ஆங்கிலேயப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் படித்தார். சுமார் பதினைந்து வயதில் அந்தப் பள்ளியைக் கண்டித்தே ஒரு பாட்டு எழுதிவிட்டார். வெளியே அனுப்பினார்கள். அதோடு படிப்பு முடிந்தது.

பிறகு நெசவுப் பட்டறையில் கூலி வேலை. ரொட்டிக் கடையிலும் வேலை. பகலில் உழைப்பு, ஓய்வு கிடைத்தபோது பாட்டு. பழங்கவிஞர் சாதியின் பாடல்கள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

பாட்டே ஆயுதம்

ஒரு கவிஞனைக் கண்டு கவர்னர் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று தோன்றலாம். ஈரானில் கவிதை, படித்தவர்களின் அலமாரியில் தூங்கும் பொருள் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயிலும் ஹாஃபிஸ், சாதி போன்ற கவிஞர்களின் வரிகள் புரளும். டீக்கடையிலும் கடைத்தெருவிலும் பேச்சுக்கு நடுவே ஓரடியை எடுத்து விடுவார்கள். நல்ல வரி ஒன்று பிறந்துவிட்டால், அச்சேறும் முன்பே ஊர் முழுவதும் பரவிவிடும். பறிமுதல் செய்ய அங்கே காகிதமே இருக்காது.

கஜல் என்ற பாட்டு வகை காதலைப் பாடுவதற்காக வளர்ந்தது. கூண்டில் அடைபட்ட குயில், கல் நெஞ்சுக் காதலி, இரவெல்லாம் எரியும் மெழுகுவர்த்தி எல்லாம் அதில் வழக்கமாக வரும். ஃபரோக்கி அந்தப் பழைய உருவத்தை விடவில்லை. அதற்குள் புதிய சரக்கை ஏற்றினார். கூண்டு சிறைச்சாலை ஆயிற்று. காதலி இருந்த இடத்தில் சுதந்திரம் வந்து உட்கார்ந்தது. தொழிலாளியும் குடியானவனும் கஜலுக்குள் நுழைந்தார்கள்.

பிர்தௌசியின் ஷாநாமா காவியத்தில் ஸஹ்ஹாக் என்று ஒரு கொடுங்கோலன் வருவான். அவன் தோள்களில் இரண்டு பாம்புகள். அவற்றுக்கு இரையாக வாலிபர்களின் மூளையைக் கொடுக்க வேண்டும். தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த காவே என்ற கொல்லன், பட்டறையில் தான் கட்டியிருந்த தோல் துணியை ஈட்டியில் கொடியாகக் கட்டி மக்களைத் திரட்டுவான். இந்தக் கதை ஈரானியக் குழந்தைகளுக்கும் தெரியும். பாட்டில் ஸஹ்ஹாக் என்ற பெயர் வந்தால் அது யாரைக் குறிக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புது வருடப் பரிசு

1906-ல் ஈரான் மக்கள் போராடி மன்னரிடமிருந்து ஓர் அரசியல் சட்டத்தையும் மஜ்லிஸ் என்ற பாராளுமன்றத்தையும் பெற்றார்கள். 1908-ல் அடுத்த மன்னர் முகமது அலி ஷா அந்த மஜ்லிஸைப் பீரங்கி வைத்துத் தகர்த்தார். 1909-ல் மக்கள் படை தலைநகர் டெஹ்ரானைப் பிடித்து அவரை விரட்டியது. தலைநகரில் இவ்வளவு நடந்தும், தூரத்து ஊர்களில் கவர்னர்கள் பழைய ராஜாக்களைப் போலத்தான் இருந்தார்கள்.

யஸ்த் நகரின் கவர்னர் ஸைகமுத்தௌலா கஷ்காய் அப்படிப்பட்டவர். 1910-ஐ ஒட்டி வந்த நவ்ரூஸ் என்னும் புத்தாண்டு விழாவின்போது ஃபரோக்கி எழுதிய பாட்டில், தான் காசுக்குக் காலைப் பிடிக்கும் கவிஞன் அல்ல என்று சொல்லியிருந்தார். ஸஹ்ஹாக்கின் குணம் நல்லதற்கு இல்லை என்று எச்சரித்திருந்தார். உதடுகளைத் தைத்துச் சிறையில் போடும்படி கவர்னர் உத்தரவிட்டார்.

ஊர் கொதித்தது. மக்கள் தந்தி ஆபீசில் கூடி, டெஹ்ரானுக்குப் புகார் அனுப்பினார்கள். மஜ்லிஸில் கேள்வி எழுந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உள்நாட்டு மந்திரி மறுத்தார். ஆனால் தைக்கப்பட்ட உதடுகளோடு சிறையில் இருந்தவர், நடந்ததைப் பாட்டாகவே எழுதித் தலைநகருக்கு அனுப்பியிருந்தார். மந்திரியின் மறுப்பை இன்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் பாட்டு மட்டும் நிற்கிறது.

இரண்டு மாதம் போல் சிறையில் இருந்த ஃபரோக்கி, ஒரு நாள் தப்பி டெஹ்ரானுக்குப் போய்ச் சேர்ந்தார். போகும் முன் சிறைச் சுவரில் கரியால் ஒரு பாட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார் என்பார்கள்.

புயல் என்ற பத்திரிகை

முதல் உலகப் போரில் ஈரான் எந்தப் பக்கமும் சேரவில்லை. இருந்தும் பிரிட்டிஷ் படையும் ரஷ்யப் படையும் நாட்டுக்குள் புகுந்தன. ஃபரோக்கி ஈராக் போய் அங்கும் ஆங்கிலேயரின் கண்ணில் பட்டு, மறைந்து திரும்பினார். 1919-ல் பிரதமர் வுசூகுத்தௌலா பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். ஈரானின் ராணுவத்தையும் கஜானாவையும் ஆங்கிலேய ஆலோசகர்களின் கையில் கொடுக்கும் ஒப்பந்தம் அது. ஃபரோக்கி அதை எதிர்த்து எழுதிச் சிறை சென்றார். மஜ்லிஸ் கடைசி வரை அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1921-ல் ஒப்பந்தம் ரத்தானது.

அதே 1921-ல் அவர் தூஃபான் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இந்தியில் உள்ள அதே சொல்தான். புயல் என்று பொருள். அப்போது ராணுவ மந்திரியாக இருந்த ரெஸா கான் நாளுக்கு நாள் பலம் பெற்று வந்தார். தூஃபான் அவரையே கேள்வி கேட்டது. அன்றாட அரசியலைச் சாட்டை போல விளாசும் நாலடிப் பாட்டுகள் அதில் வந்தன.

அரசு பத்திரிகையை மூடியது. மறுபடி வந்தது; மறுபடி மூடினார்கள். இப்படிப் பதினைந்து தடவைக்கு மேல் தடை. ஆனால் ஃபரோக்கியிடம் ஒரு வழி இருந்தது. தூஃபான் தடைப்பட்டால், லைசென்ஸ் வைத்திருந்த நண்பர்களின் பெயரில் வேறு பத்திரிகை வெளிவரும். பைகார் என்றால் போர். கியாம் என்றால் எழுச்சி. சித்தாரே ஷர்க் என்றால் கிழக்கின் நட்சத்திரம். வாசகர்களுக்குத் தெரியும், பெயர்தான் வேறு என்று.

அந்த நாட்களில் அவர் தனியாக இல்லை. ஆரிஃப் கஸ்வினி என்ற பாடகர் கச்சேரி மேடையிலேயே நாட்டு நிலையைப் பாடி மக்களை அழ வைத்தார். மிர்ஸாதே இஷ்கி என்ற இளங்கவிஞர் ரெஸா கானை எதிர்த்து எழுதினார். 1924 ஜூலையில் டெஹ்ரானில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பதுதான். எழுதுகிறவனுக்கு என்ன நடக்கும் என்பது அதோடு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஃபரோக்கி பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இருவர் மட்டும்

1925-ல் ரெஸா கான், ரெஸா ஷா என்ற பெயரில் மன்னரானார். ரயில் பாதை, பள்ளிக்கூடங்கள், நீதிமன்றங்கள் எல்லாம் வந்தன. அதோடு, எதிர்த்துப் பேசும் வாய்களும் ஒவ்வொன்றாக மூடின. தேர்தலிலும் அரண்மனையின் கை இருந்தது. அப்படியும் 1928-ல் கூடிய ஏழாவது மஜ்லிஸுக்கு யஸ்த் நகரின் பிரதிநிதியாக ஃபரோக்கி வந்து சேர்ந்தார். உதடு தைத்த ஊரே அவரைப் பேச அனுப்பியது.

அந்த மஜ்லிஸில் எதிர்க்கட்சி என்று சொல்ல இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஃபரோக்கி, மற்றவர் லாஹிஜான் நகரிலிருந்து வந்த மஹ்மூத் ரெஸா துலூ. எழுந்தால் கூச்சல், பேசினால் ஏச்சு. ஒரு நாள் சபையிலேயே வேறோர் உறுப்பினர் ஃபரோக்கியை அடித்தார். வெளியே போனால் உயிர் தப்பாது என்று அஞ்சி, சில காலம் மஜ்லிஸ் கட்டிடத்திலேயே தங்கினார். பிறகு ரகசியமாக மாஸ்கோவுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனியின் பெர்லின் நகரை அடைந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. ஷாவின் ஆட்சியைக் கண்டித்து எழுதினார்.

கையில் காசில்லை, தெரியாத பாஷை, குளிர் நாடு. அப்போது பெர்லின் வந்த அரண்மனை மந்திரி தைமூர்தாஷ், ஊருக்குத் திரும்பலாம், ஒன்றும் ஆகாது என்று வாக்களித்தார். அதை நம்பி ஃபரோக்கி ஈரான் திரும்பினார்.

வாக்குக் கொடுத்தவரின் கதி அதைவிட விசித்திரம். ஷாவின் சந்தேகத்துக்கு ஆளான தைமூர்தாஷ் பதவி இழந்து கைதானார். 1933-ல் டெஹ்ரானின் கஸர் சிறையிலேயே இறந்தார்.

கடன் என்ற வலை

திரும்பி வந்த ஃபரோக்கியைப் போலீஸ் கண்காணித்தது. பாட்டுக்காகப் பிடித்தால் ஊர் பேசும். வேறு வழி கிடைத்தது. தூஃபான் நடத்திய காலத்தில் காகித வியாபாரி ஒருவரிடம் வாங்கிய சில நூறு தோமான் பாக்கி இருந்தது. அது கோர்ட்டுக்கு வந்தது. கட்டப் பணம் இல்லாததால் கடன்காரர் சிறையில் அடைத்தார்கள்.

உள்ளே போன பிறகு, மன்னரை அவமதித்தார் என்ற வழக்கு சேர்ந்தது. 27 மாதம் என்று விழுந்த தண்டனை மேல்முறையீட்டில் கூடியதே தவிரக் குறையவில்லை. ஊசியும் நூலும், பத்திரிகைத் தடையும், சபையில் விழுந்த அடியும் செய்ய முடியாததைக் கடன் பத்திரம் செய்தது. கூலிக்காரராகத் தொடங்கி, நாட்டையே எதிர்த்து நின்ற மனிதரை விழவைத்தது காகிதக் கடை பாக்கி.

அரண்மனை என்ற பெயரில் சிறை

கஸர் என்றால் அரண்மனை. பழைய அரண்மனை ஒன்று இருந்த இடத்தில் 1929-ல் திறக்கப்பட்ட சிறை அது. அங்கே ஃபரோக்கி பாடிய பாட்டுகளைச் சக கைதிகள் மனப்பாடம் செய்துகொண்டார்கள். காகிதத்தைப் பறிக்கலாம், மனதில் இருப்பதை எப்படிப் பறிப்பது?

அப்போது போலீஸ் தலைவராக இருந்தவர் ருக்னுத்தீன் முக்தாரி. இவர் நல்ல வயலின் கலைஞர். இவர் அமைத்த இசை ஈரானில் பெயர் பெற்றது. மாலையில் வயலின் வாசித்த அதே கையின் கீழ்தான் சிறைகளும் இருந்தன. கலை எப்போதும் நல்லவர் பக்கமே நிற்கும் என்று சொல்வதற்கில்லை. யார் கையில் எதற்காக இருக்கிறது என்பதே கேள்வி.

1939 அக்டோபரில் ஃபரோக்கி சிறையில் இறந்தார். வயது ஐம்பது இருக்கும். மலேரியாவும் சிறுநீரகக் கோளாறும் காரணம் என்று சிறைக் குறிப்பு சொன்னது. அஹ்மத் அஹ்மதி என்ற சிறை மருத்துவ ஊழியர், ஊசி மூலம் ரத்தக் குழாயில் காற்றைச் செலுத்திக் கொன்றார் என்று மற்றக் கைதிகளும் மக்களும் சொன்னார்கள். உடலை எங்கே புதைத்தார்கள் என்பதைக்கூட யாருக்கும் சொல்லவில்லை.

1941-ல் பிரிட்டிஷ், சோவியத் படைகள் ஈரானுக்குள் நுழைந்ததும் ரெஸா ஷா முடி துறந்து நாட்டை விட்டுப் போனார். சிறைக் கொலைகள் பற்றிய வழக்குகள் விசாரணைக்கு வந்தன. முக்தாரிக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. அஹ்மதி 1944-ல் தூக்கிலிடப்பட்டார்.

நிலைத்தது எது?

ஷா போன பிறகு ஃபரோக்கியின் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார்கள். பத்திரிகைப் பிரதிகளிலிருந்தும் நண்பர்களின் நினைவிலிருந்தும் அவை புத்தகமாயின. அதன் பிறகு ஈரானில் ஆட்சிகள் மாறின. 1979 புரட்சியில் மன்னர் ஆட்சியே போயிற்று. அதற்குப் பின்னும் எழுதியதற்காகவும் பாடியதற்காகவும் படம் எடுத்ததற்காகவும் சிறை சென்றவர்கள் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் ஃபரோக்கியின் வரியைத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

கஸர் சிறை இப்போது அருங்காட்சியகம். மக்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். யஸ்த் கவர்னரின் பெயர் நினைக்கப்படுவது, ஃபரோக்கியின் கதையைச் சொல்லும்போது மட்டும்தான். கல்லறை இல்லாத அந்த ரொட்டிக் கடைத் தொழிலாளியின் பாட்டை ஈரானில் இன்றும் பாடுகிறார்கள்.