எண்ணிப் பார்த்த மருத்துவர்

மூளையின் அடிப்புறத்தில் இரத்தக் குழாய்கள் கிளை பிரியும் இடங்களில், சிலருக்குக் குழாயின் சுவர் மெலிந்து சிறு கொப்புளம்போல் வீங்கிவிடுகிறது. வெடிக்கும்வரை பெரும்பாலோர்க்கு அதனால் தொல்லை ஏதும் இல்லை. வெடித்துவிட்டாலோ, பலருக்கு அதுவே முடிவு. இக்கொடிய நோயைப் பற்றித் தமிழகத்தில் ஆராய்ந்த பேரறிஞர் டாக்டர் பா. இராமமூர்த்தி ஆவார். அவர்தம் வாழ்க்கையை மாணவ நண்பர்களுக்கு எடுத்துக்கூற விழைகிறேன்.

1922ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். 1947இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவையில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1950இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் மூளை அறுவைப் பிரிவைத் தோற்றுவித்திருந்தார். இவ்விருவரோடு மேலும் இருவர் சேர்ந்து, 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

அந்நாளில் சி.டி. கருவி இல்லை. 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் கண்ட வழியே வழி. கழுத்துத் தமனியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால், குழாய்கள் மரக்கிளைகளைப் போலப் படத்தில் தெரியும். கொப்புளத்தின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியிட்டு நோயைத் தீர்க்கலாம் என்பதை அமெரிக்காவில் வால்ட்டர் டாண்டி 1937இல் காட்டியிருந்தார்.

மேலைநாட்டு மருத்துவர்கள் இந்நோயை அடிக்கடி கண்டனர். இந்திய மருத்துவமனைகளுக்கு வந்தோரிலோ இந்நோயுடையோர் சிலரே. இராமமூர்த்தி இதனை வியந்ததோடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் இந்நோய் எவ்வளவு காணப்படுகிறது என்பதை ஆராய்ந்து, 1969இல் அமெரிக்க மூளை அறுவை ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்.

விஞ்ஞான மாணவனாகிய என்னைக் கவர்ந்தது இதுவே. குறைவு என்பது மெய்யாகவே குறைவுதானா? மருத்துவமனையை அடையுமுன் மாண்டோர் எத்தனை பேர்? திடீரென விழுந்து இறந்தவரைக் காற்றுக் கருப்பு அடித்தது என்று சொல்லி அடக்கம் செய்தால், அவர் எந்தக் கணக்கில் வருவார்? படமெடுக்கும் வசதி பெருகியபின், நம் நாட்டிலும் இந்நோய் மிகுதியாகக் கண்டறியப்படலாயிற்று. ஆயினும் முதற்கணக்கை ஒருவர் எழுதி வைத்தமையால் அன்றோ, பின்வந்தோர் அதனோடு ஒப்பிட முடிந்தது!

டாக்டர் டி. எஸ். கனகா முதலிய பலரை அவர் இத்துறையில் பயிற்றுவித்தார். அரசுப் பணிக்குப்பின் சென்னை அடையாற்றிலுள்ள வி.எச்.எஸ். மருத்துவமனையில் நரம்பியல் மையத்தை வளர்த்தார். 2003 டிசம்பரில் மறைந்தார்.

ஹெப்பகோடியிலிருந்து ஓசூர் சாலையில் வடக்கே சென்றால் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1950இல் சென்னையில் இல்லாத கருவிகள் இன்று நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் நோயாளி அங்குப் போய்ச் சேர்ந்தால்தானே பயன்? பெற்றோரைப் பிரிந்து இங்கு அறைகளில் தங்கியிருப்போர் நம்மில் பலர். அறைத் தோழருக்கு முன்பு கண்டிராத கடுந்தலைவலி திடீரெனத் தோன்றி, வாந்தியும் கழுத்து விறைப்பும் கூடினால், மாத்திரை கொடுத்து உறங்கச் சொல்லாதீர்கள்; உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கணக்கில் வராமலே மறைந்தோர் வரிசையில் நம் தோழர் ஒருவரும் சேர வேண்டா!