ருக்மிணி தேவியும் ஐம்பது ரூபாயும்

கருவேப்பிலங்குறிச்சி கடைவீதியில் சென்ற வாரம் ஒரு சரக்கு வண்டி வந்து நின்றது. உள்ளே கால்கள் கட்டப்பட்ட பன்றிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. காதையும் வாலையும் பற்றி இழுத்துத் தரையில் தள்ளினார்கள். எனக்கு ருக்மிணி தேவி அருண்டேல் நினைவுக்கு வந்தார்.

1904 இல் மதுரையில் பிறந்த அவரைப் பரதநாட்டியத்துக்காகவும் 1936 இல் அவர் நிறுவிய கலாக்ஷேத்திராவுக்காகவுமே நாம் போற்றுகிறோம். 1952 இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான பின், விலங்குகளை வதைப்பதற்கு எதிராக அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்ததைப் பலர் அறியார். அரசே சட்டம் இயற்றும் என நேரு உறுதியளித்ததால் அதனைத் திரும்பப் பெற்றார். 1960 இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962 இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அவர் சைவ உணவினர். ஆயினும் அவர் பாடுபட்ட சட்டம் உணவுக்காக அறுப்பதைத் தடுக்கவில்லை. தேவையற்ற துன்பத்தையே குற்றமாக்கிற்று. வண்டியில் கொண்டுசெல்லும்போது நேரும் வதையும் அதில் அடங்கும். இந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

1986 இல் அவர் மறைந்தார். விலங்குகளை வண்டியிலிருந்து இறக்கச் சாய்தளம் வேண்டும், ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்ற இறைச்சிக்கூட விதிகள் 2001 இல்தான் வந்தன.

பொருளியல் கற்பித்தவன் ஆதலால் என் கண் அபராதத்தில் நிற்கிறது. முதற்குற்றத்துக்கு 1960 இல் விதித்த உச்சவரம்பு 50 ரூபாய். அரை நூற்றாண்டு கடந்தும் அது உயரவில்லை. சாய்தளம் அமைக்க அதைவிடப் பன்மடங்கு செலவாகும். அன்று அந்த வண்டிக்காரர் எந்தக் கணக்கும் போட்டிருக்க மாட்டார். போட்டிருந்தாலும் பன்றிகளை அப்படித்தான் இறக்கியிருப்பார்.