வலிப்பு ஒரு பக்கம், மாத்திரை மறுபக்கம்: பாடகர் இயான் கர்ட்டிஸுக்கு என்ன நடந்தது?

கறுப்பு டி-ஷர்ட்டில் மலைத்தொடர் போல அடுக்கடுக்கான வெள்ளைக் கோடுகள். பலரும் பார்த்திருப்பீங்க. 1979-ல் வெளியான 'அன்நோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்தின் அட்டைப்படம் அது. அதில் பாடியவர், ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் இயான் கர்ட்டிஸ். வலிப்பு நோயோடும், அதற்கான மாத்திரைகளோடும் ஒரே நேரத்தில் போராடியவர்.

யார் இவர்?

1956 ஜூலை 15-ல் பிறந்த இவர், இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டில் வளர்ந்தவர். 19 வயதிலேயே திருமணம். இரவில் மேடை, பகலில் வேலைவாய்ப்பு அலுவலகம். மாற்றுத்திறனாளிகள் வேலை தேட உதவுவதுதான் அங்கே அவரது பொறுப்பு.

வேலை கேட்டு அங்கே வந்த ஒரு இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய் இருந்தது. திடீர்னு அவர் வருவது நின்றுபோச்சு. வலிப்பு வந்து இறந்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 'ஷீஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' பாடல்.

அதே நோய் அவருக்கும்

1978 டிசம்பரில் லண்டன் நிகழ்ச்சி முடிந்து காரில் திரும்பும்போது கர்ட்டிஸுக்கு வலிப்பு வந்தது. 1979 ஜனவரியில் வலிப்பு நோய் உறுதியானது. ஏப்ரலில் மகள் பிறந்தாள். ஆனா, தூக்கும்போது வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், குழந்தையை அவர் கையில் கொடுப்பதே அரிதானது.

மருத்துவர்கள் மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்கள். ஃபீனோபார்பிட்டோனும் அதில் அடக்கம். இது 1912-லேயே வலிப்புக்குப் பயன்பாட்டுக்கு வந்த பழைய மருந்து. ஆனாலும் வலிப்பு நிற்கவில்லை. மேடையிலேயே வந்தது. அது நடனம்னு நினைத்த ரசிகர்களும் உண்டு. கூடவே, அவரது மனநிலை அடியோடு மாறியதை மனைவி டெபோரா பின்னாளில் எழுதிய புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார்.

மாத்திரை மூளையை எப்படி பாதிக்கிறது?

மூளை செல்கள் கட்டுப்பாடில்லாமல் மின்சமிக்ஞை அனுப்புவதுதான் வலிப்பு. மருந்து அந்த வேகத்தைக் குறைக்கிறது. சிக்கல் என்னன்னா, கவனம், ஞாபகம், சிந்திக்கும் வேகம் எல்லாத்துக்கும் அதே சமிக்ஞைதான் வேண்டும். அதனால் தூக்கக் கலக்கம், மறதி, மந்தம், சோர்வு வரலாம். டோஸ் கூடினாலோ, பல மருந்துகள் சேர்ந்தாலோ பாதிப்பு அதிகம். இதில் ஃபீனோபார்பிட்டோனுக்கு கெட்ட பெயர் ரொம்பவே உண்டு. அது மனச்சோர்வையும் தூண்டக்கூடியது.

மருந்து மட்டும்தான் காரணமா?

அப்படிச் சொல்ல முடியாது. வலிப்பு நோயே மனச்சோர்வைக் கொண்டுவரும். தூக்கமில்லாத இரவுகள், ஓயாத நிகழ்ச்சிகள், முறியும் நிலையில் மணவாழ்க்கை என எல்லாமே அவரை அழுத்தின. 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், கர்ட்டிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23.

2008-ல் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ, 11 வலிப்பு மருந்துகளின் சோதனைகளை ஆராய்ந்து எச்சரிக்கை விடுத்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ, மருந்து எடுத்தவர்களில் 0.43 சதவீதம் பேரிடமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 0.24 சதவீதம் பேரிடமும் காணப்பட்டது. ஆபத்து சிறியதுதான், ஆனா கவனிக்க வேண்டியது.

நோயாளிகள் என்ன செய்யணும்?

பயந்துபோய் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மறதி, எரிச்சல், காரணமில்லாத சோகம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்க. டோஸைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ இன்று நிறைய வழி இருக்கு. மாற்றம் முதலில் வீட்டில் இருப்பவர்கள் கண்ணில்தான் படும். அவர்களையும் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.)