டிஎன்ஏ மட்டும்தானா? புகையிலை வைரஸின் உள்ளே எட்டிப் பார்த்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் - யார் இவர்?

ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது டிஎன்ஏவின் 'போட்டோ 51' எக்ஸ்ரே படம்தான். ஆனால் அவர் கடைசி 5 ஆண்டுகள் போராடியது ஒரு செடி வைரஸோடு!

1920-ல் லண்டனில் பிறந்த ஃபிராங்க்ளின், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1953-ல் கிங்ஸ் கல்லூரியை விட்டு பிர்க்பெக் கல்லூரிக்கு மாறினார். அங்கே கையில் எடுத்ததுதான் புகையிலை மொசைக் வைரஸ்.

அது என்ன வைரஸ்?

புகையிலை, தக்காளி, மிளகாய்ச் செடிகளைத் தாக்கும். இலையில் வெளிர் பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். செடியைத் தொட்ட கையோடு அடுத்த செடியைத் தொட்டாலே போதும், பரவிடும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. இதற்குள் இருப்பது டிஎன்ஏ அல்ல, ஆர்என்ஏ. செடியின் செல்லுக்குள் போனதும் அந்த ஆர்என்ஏவே நேரடியாக உத்தரவு போட்டு, வைரஸ் புரதங்களைத் தயாரிக்க வைக்கும்.

என்ன கண்டுபிடித்தார்?

முழுமையான வைரஸ் குச்சிகள் எல்லாமே ஒரே நீளம் என்று 1955-ல் எழுதினார். வைரஸ் ஆய்வில் மூத்தவரான நார்மன் பிரி இதை ஏற்கவில்லை. ஃபிராங்க்ளின் பின்வாங்கவில்லை. கடைசியில் அவர் சொன்னதுதான் சரியானது. நீளம் சுமார் 300 நானோமீட்டர்.

அடுத்த கேள்வி, ஆர்என்ஏ எங்கே இருக்கிறது? ஆர்என்ஏ உள்ள வைரஸையும், வெறும் புரதக் கூட்டையும் எக்ஸ்ரேயில் ஒப்பிட்டார். 1956-ல் விடை கிடைத்தது. குச்சியின் நடுப்பகுதி வெற்றுக் குழாய். சுமார் 2,130 புரதத் துண்டுகள் சுருள் படிக்கட்டு போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கு இடையே புதைந்து சுற்றிப் போகிறது ஆர்என்ஏ இழை. அந்தப் புரதம்தான் அதற்குக் கவசம்.

கடைசி நாட்கள்

அதே 1956-ல் அவருக்கு சினைப்பை புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சைகளுக்கு நடுவிலும் ஆய்வகத்துக்கு வந்தார். பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்காக டேபிள் டென்னிஸ் பந்துகள், சைக்கிள் ஹேண்டில்பார் பிடிகளை வைத்து வைரஸ் மாதிரி தயாரானது. 1958 ஏப்ரல் 17-ல் கண்காட்சி திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள், 37 வயதில் ஃபிராங்க்ளின் காலமானார்.

1962-ல் டிஎன்ஏவுக்கு நோபல் அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. பிர்க்பெக்கில் அவரோடு வைரஸ் ஆய்வு செய்த ஆரோன் க்ளுக், 1982-ல் வேதியியல் நோபல் வாங்கினார். அந்தப் பாதையின் தொடக்கத்தில் நின்றவர் ஃபிராங்க்ளின்.